படிக்க முடியாத எழுத்தை முதல்ல ஒழுங்கா பாப்போம்: கேமரா, ஃபிளாஷ், கோலிகுண்டு வெச்சு ஆர்டிஐ படம் எடுக்குறது எப்படி

2025 ஜனவரியில தமிழ்நாடு முதலமைச்சர் சிந்துவெளி எழுத்தை சரியா படிச்சு காட்டுறவங்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசுன்னு அறிவிச்சாரு இல்லையா, அதுலேர்ந்து எங்க வாட்ஸ்அப் குரூப்ல மாசத்துக்கு ஒருத்தராவது "கண்டுபிடிச்சுட்டேன்"னு ஒரு பிடிஎஃப் அனுப்பிடுறாங்க. அதுல ஒருத்தர் ஒரு முத்திரையை முழுசா தமிழ்ல படிச்சிருந்தாரு, வலமிருந்து இடமா ஒவ்வொரு குறியா அர்த்தம் சொல்லி, கேக்க நல்லாதான் இருந்துச்சு, ஆனா அவரு எடுத்துக்கிட்ட படம் கல் முத்திரையோட படம், அதை களிமண்ல அழுத்தினா விழுற பதிவோட படம் இல்ல. முத்திரையில எல்லாத்தையும் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பி வெட்டியிருப்பாங்க, பதிவுலதான் வலமிருந்து இடம், கல்லுல அது இடமிருந்து வலம். ஆக மனுஷன் பாவம், வாக்கியத்தை வாலுலேர்ந்து தலைக்கு படிச்சிருக்காரு. சொன்னதுக்கு கோச்சுக்கிட்டு குரூப்பை விட்டே போயிட்டாரு.

நான் எதையும் படிச்சு காட்டப் போறது இல்ல. அதுக்கு முந்தின வேலை ஒண்ணு இருக்கு, அதைத்தான் சொல்லப்போறேன். தெரிஞ்ச எழுத்துல ஒரு கோடு அழிஞ்சு போயிருந்தா நம்ம மூளையே அதை ரொப்பிடும், "கோவி"ன்னு பாதி இருந்தாலே கோவில்னு வாய் தானா சொல்லிடும். தெரியாத எழுத்துல அந்த வசதி சுத்தமா கிடையாது. அந்த சின்ன கோடு எழுதினவன் போட்டதா, இல்ல 4000 வருஷத்துல எவனோ மண்வெட்டியால கீறினதான்னு அந்த பொருளோட மேல்பரப்பு மட்டும்தான் சொல்லும். ஐராவதம் மகாதேவன் 1977ல போட்ட தொகுப்புல சிந்துவெளி குறிகள் 417, பிரையன் வெல்ஸ்னு இன்னொரு ஆய்வாளர் எண்ணினா 600க்கு மேல போகுது. இது எல்லாம் படத்தோட குத்தம்னு சொல்ல மாட்டேன், எது தனி குறி, எது கையெழுத்து வித்தியாசம்ங்குற சண்டைதான் இதுல பெருசு, ஆனா அந்த சண்டையை போடறதுக்கே முதல்ல கோடு அங்க இருக்கா இல்லையான்னு தெரியணும்ல.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச கேஸ் புரோட்டோ எலாமைட், இன்னும் முழுசா படிக்க முடியாத ஒரு பழைய ஈரான் எழுத்து. ஈரான்ல சூசாங்குற ஊர்ல பிரெஞ்சுக்காரங்க தோண்டி எடுத்த களிமண் பலகைகள், கிமு 3100லேர்ந்து 2900 வாக்குல எழுதினது, 1600க்கு மேல இருக்கு, பெரும்பாலானது இன்னைக்கு பாரிஸ்ல லூவர் மியூசியத்துல. எல்லாமே கணக்கு வழக்கு. எண்கள் நல்லாவே புரிஞ்சுடுச்சு, ஆடு மாடு, வேலையாள் எண்ண பத்து பத்தா ஒரு கணக்கு, தானியத்துக்கு வேற கணக்கு. ஆனா எண்ணுக்கு முன்னாடி இருக்குற குறிகள்ல பெரும்பாலானது இன்னும் பிடிபடல. 1905ல ஷெய்ல்ங்குறவர் இந்த பலகைகளை கையால வரைஞ்சு பெரிய தொகுப்பா வெளியிட்டாரு, அதுக்கப்புறம் எத்தனையோ பேர் பலகையை நேர்ல பாக்காம அந்த மாதிரி வரைபடங்களை வெச்சே மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. வரைஞ்ச கை ஒரு கோட்டை விட்டிருந்தா, அதை நம்பினவங்க எல்லாரும் அந்த கோட்டை விட்டவங்கதான். 2012 வாக்குல ஆக்ஸ்ஃபோர்ட்ல இருக்குற ஜேக்கப் டால், 76 லைட் பொருத்தின ஒரு அரைக்கோள கூண்டை லூவருக்கே கொண்டு போய், ஒவ்வொரு பலகையையும் உள்ள வெச்சு எல்லா பக்கத்துலேர்ந்தும் வெளிச்சம் அடிச்சு படம் எடுத்தாரு. நாம வீட்ல பண்ணப்போறது அதே வித்தைதான், 76 லைட்டுக்கு பதிலா ஒரே ஒரு லைட்டை கையில புடிச்சுக்கிட்டு சுத்தி சுத்தி வரப்போறோம், அவ்ளோதான்.

அந்த வித்தைக்கு பேரு ஆர்டிஐ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்ல, அது வேற! ரிஃப்ளக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங். 2001ல ஹெச்பி ஆராய்ச்சிக்கூடத்துல டாம் மால்ஸ்பெண்டர்னு ஒருத்தர், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல பரப்புகளை நிஜம் மாதிரி காட்டணும்னு ஆரம்பிச்ச வேலை இது. அவரு ஒரு சுமேரிய களிமண் பலகையை இப்படி எடுத்தப்போ எழுதினவனோட விரல் ரேகையே தெரிஞ்சுதாம், அங்கேர்ந்து தொல்லியல்காரங்க இதை விடவே இல்ல.

தத்துவம் ரொம்ப சிம்பிள். சாயங்கால வெயில் சாய்வா விழும்போது கோவில் சுவத்துல கல்வெட்டு பளிச்சுனு தெரியும், உச்சி வெயில்ல ஒண்ணுமே தெரியாது, பாத்திருப்பீங்க. ஆனா ஒரு பக்கத்து வெளிச்சத்துல அந்த வெளிச்சத்தோட திசையிலயே ஓடுற கோடு மறைஞ்சு போயிடும், குறுக்க ஓடுற கோடு மட்டும்தான் நிழல் கட்டும். அதனால கேமராவையும் பொருளையும் அசைக்காம, வெளிச்சத்தை மட்டும் 40, 50 இடத்துக்கு மாத்தி மாத்தி படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் எந்த திசை வெளிச்சத்துக்கு எவ்ளோ பிரகாசமா இருந்துச்சுன்னு சாஃப்ட்வேர்கிட்ட குடுத்தா, அது புள்ளிக்கு ஒரு சமன்பாடு போட்டு வெச்சுடும். அப்புறம் நாம மவுஸை நகர்த்துனா ஸ்க்ரீன்ல வெளிச்சம் நகரும், சாயங்கால வெயில், காலை வெயில், எல்லாம் நம்ம விரல் நுனியில.

சாமான் லிஸ்ட் பெருசு இல்ல. மேனுவல் மோட் இருக்குற கேமரா, அசையாத ட்ரைபாட், தனியா கழட்டி கையில புடிக்கிற ஃபிளாஷ் (இல்லன்னா நல்ல வெள்ளை எல்இடி லைட்), ரிமோட் அல்லது போன்லேர்ந்து ஷட்டர் அடிக்கிற வசதி, ஒரு நூல், பளபளப்பான கருப்பு குண்டு ரெண்டு. குண்டு எதுக்குன்னா, ஒவ்வொரு படத்துலயும் குண்டு மேல ஒரு வெள்ளை புள்ளி மின்னும்ல, அந்த புள்ளி குண்டுல எங்க விழுந்திருக்குன்னு பாத்துதான் லைட் எந்த திசையிலேர்ந்து வந்துச்சுன்னு சாஃப்ட்வேர் கணக்கு போடும், நாம கோணத்தை அளந்து எழுத வேண்டியதே இல்ல. கூண்டு இல்லாமலே எடுக்குற இந்த முறையை 2006ல சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்குற கல்ச்சரல் ஹெரிடேஜ் இமேஜிங்ங்குற அமைப்பு மால்ஸ்பெண்டரோட சேந்து கொண்டு வந்துச்சு, நம்மள மாதிரி ஆளுக்கெல்லாம் வழி திறந்ததே அதுதான்.

குண்டோட சைஸ்ல ஒரு கணக்கு இருக்கு. படத்துல குண்டு குறுக்க குறைஞ்சது 200 பிக்சல் இருக்கணும். 24 மெகாபிக்சல் கேமராவுல 15 செமீ அகலத்தை ரொப்பி எடுத்தா மில்லிமீட்டருக்கு 40 பிக்சல் வரும், அப்போ 5 மிமீ குண்டே போதும், சாதா கருப்பு கோலிகுண்டு தாராளம். முத்திரை மாதிரி ரெண்டு மூணு செமீ பொருளுக்கு கிட்டக்க போய் எடுக்கும்போது கோலி பாதி இடத்தை அடைச்சுக்கும், அங்க நான் நல்லா உருண்டையா இருக்குற கருகமணியை ஓட்டை கீழ பாக்குற மாதிரி ஒட்டி வெப்பேன். மெக்கானிக் கடையில பேரிங் குண்டு வாங்கி கருப்பு நெயில் பாலிஷ் அடிச்சு பாத்தேன், வழிஞ்சு மேடு பள்ளமாயிடுச்சு, உருண்டை கெட்டா கணக்கே கெட்டுச்சு, அந்த தப்பை நீங்க பண்ணாதீங்க.

பழைய பொருளை தொடறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு பயிற்சி பலகை பண்ணிக்கோங்க, இதை தயவு செஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க. பிள்ளையார் சதுர்த்திக்கு விக்கிற களிமண்ணை உள்ளங்கை அளவுக்கு தட்டி, வீட்ல இருக்குற வேற யாரையாவது ஒரு குச்சியால கோடுகளை ஒண்ணு மேல ஒண்ணு வெட்டிக்கிற மாதிரி கீற சொல்லுங்க, எது முதல்ல, எது அடுத்துன்னு அவங்க ஒரு பேப்பர்ல எழுதி மடிச்சு வெச்சுக்கட்டும், உங்ககிட்ட காட்டக்கூடாது. காஞ்சதுக்கு அப்புறம் ஒரு ஆணியால ரெண்டு மூணு கீறலும் போட சொல்லுங்க. நான் எங்க அக்கா பையனை பண்ண சொன்னேன், எட்டாவது படிக்கிறான், அவனுக்கு என்னை ஏமாத்துறதுன்னா அவ்ளோ சந்தோஷம்.

இப்போ செட்டப். ராத்திரி எடுங்க, இல்ல ஜன்னல் எல்லாம் மூடிட்டு எடுங்க. பொருளை தரையிலயோ கனமான மேசையிலயோ கருப்பு துணி மேல வெச்சு, பக்கத்துல குண்டு ரெண்டையும் பொருளோட மேல்பரப்பு எந்த உயரத்துல இருக்கோ கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு தூக்கி வெச்சு, ஒரு ஓரத்துல சின்ன ஸ்கேல், கேமரா நேரா மேலேர்ந்து கீழ பாக்கணும். ஃபோகஸ் பண்ணிட்டு ஆட்டோ ஃபோகஸை ஆஃப் பண்ணிடுங்க. முதல் தடவை நான் இதை மறந்துட்டேன், 48 படத்துலயும் ஃபோகஸ் துளி துளி மாறி, பொருள் மூச்சு விடுற மாதிரி பெருசாகி சிறுசாகி, எல்லாம் குப்பைக்கு போச்சு. ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 8 பக்கம், வெள்ளை சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) ஃபிக்ஸட், ரா ஃபைல் (கேமரா தானா மெருகேத்தாத மூல ஃபைல்), படத்தை தானா திருப்புற ஆட்டோ ரொட்டேட் ஆஃப். எக்ஸ்போஷர் பாக்கும்போது லைட் உயரமா இருக்குறப்போதான் படம் ரொம்ப வெளிச்சமா வரும், அதுல வெளுத்துப் போகாம வெச்சுக்கிட்டா தாழ்வான கோணத்துல கொஞ்சம் இருட்டா வந்தாலும் பரவாயில்ல, நடுவுல மாத்தக்கூடாது. ஃபேனை நிறுத்துங்க. வேர்த்து ஊத்தும், தெரியும், ஆனா சீலிங் ஃபேன் ஓடுனா ட்ரைபாடும் லேசா ஆடும், தெருவுல பஸ் போனா அது போற வரைக்கும் நில்லுங்க.

போன்ல எடுக்கலாமான்னு கேப்பீங்க. பழகிக்க எடுக்கலாம், ப்ரோ மோட்ல எல்லாத்தையும் லாக் பண்ணி, ரா ஃபைலா. ஆனா சாதா மோட்ல போன் தன் இஷ்டத்துக்கு ஷார்ப் பண்ணும், ஏஐ வெச்சு இல்லாத விளிம்பை எல்லாம் தானே வரையும், முகத்துக்கு அது அழகு, படிக்கத் தெரியாத எழுத்துக்கு அது விஷம். இதே காரணத்துக்காக பழைய மங்கல் படத்தை ஏஐ ஆப்ல போட்டு "தெளிவாக்கி" அதுலேர்ந்து குறி படிக்கிறவங்களை நான் நம்புறதே இல்ல, அந்த ஆப்புக்கு தெரிஞ்சது எல்லாம் அது ஏற்கனவே பாத்த எழுத்து, அதைத்தான் இங்கயும் போட்டு நிரப்பும்.

லைட்டோட தூரம் எப்பவும் ஒண்ணா இருக்கணும், பொருளோட நீளத்துல மூணு நாலு மடங்கு. 10 செமீ பலகைக்கு 30லேர்ந்து 40 செமீ. இதுக்குத்தான் நூல், ஒரு முனையை ஃபிளாஷ்ல கட்டி இன்னொரு முனையை பொருள் பக்கத்துல கொண்டு போய் இறுக்கி அளந்து, நூலை விலக்கிட்டு, அப்புறம் கிளிக். நூல் பொருளை தொடவே கூடாது. ஒரு குடையை விரிச்சு பொருள் மேல கவுத்து வெச்சிருக்குன்னு மனசுல நெனச்சுக்கோங்க, அதோட கம்பிகள் வழியா லைட் ஏறி இறங்கணும். 12 கம்பி, ஒவ்வொரு கம்பியிலயும் நாலு நிறுத்தம், தரையிலேர்ந்து 15 டிகிரியில ஆரம்பிச்சு 65 வரைக்கும், மொத்தம் 48 படம். 65க்கு மேல போனா கேமரா நிழல் விழும், பெருசா பிரயோஜனமும் இல்ல. நான் தரையில சாக்பீஸால கடிகாரம் மாதிரி 12 கோடு போட்டு வெச்சுடுவேன், இல்லன்னா எந்த பக்கம் முடிச்சோம்னு பாதியில குழம்பிடும். ஆள் ரெண்டு பேர் இருந்தா முக்கால் மணி நேரம், தனியா பண்ணா முதுகு விட்டுப் போயிடும்.

கம்ப்யூட்டர்ல வேலை சுலபம். ரா ஃபைல் எல்லாத்துக்கும் ஒரே செட்டிங் போட்டு ஜேபெக் ஆக்குங்க, தனித்தனியா வெளிச்சம் கூட்டி குறைச்சு "அழகு" பண்ணாதீங்க, படத்துக்கு படம் வெளிச்சம் மாறுறதுதான் இங்க தகவலே. இத்தாலியில பீசா நகரத்து சிஎன்ஆர் ஆய்வுக்கூடம் குடுக்குற ரிலைட்லேப்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, புதுசா ஆரம்பிக்கிறவங்க அதையே எடுத்துக்கோங்க. படங்களை உள்ள போட்டு, குண்டை சுத்தி வட்டம் காட்டினா மின்னுற புள்ளியை அதுவே தேடும், ஒண்ணு ரெண்டு படத்துல தப்பா புடிச்சிருந்தா கையால திருத்தணும். பழைய ஆர்டிஐ பில்டர்ல பழகினவங்க அதுலயே தொடரலாம், ஆனா அது கொஞ்சம் முசுடு, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள ஜேபெக்-எக்ஸ்போர்ட்ஸ்னு அது சொல்ற பேர்லயே ஃபோல்டர் இருக்கணும், ஃபைல் பேர்ல இடைவெளி விட்டா எர்ரர் அடிச்சுட்டு நிக்கும், அதுக்கு ஒரு ராத்திரி முழுக்க நான் தலையை பிச்சுக்கிட்டது தனி கதை.

சரி, ஃபைல் ரெடி, ஆர்டிஐ வியூவர்ல தெறந்தாச்சு. இங்கதான் நிஜமான வேலை. முதல்ல சாதா நிறத்துல லைட்டை மட்டும் மெதுவா சுத்துங்க. அப்புறம் ஸ்பெக்குலர் என்ஹான்ஸ்மென்ட்னு ஒரு மோட், அதுல பொருளோட நிறத்தை எல்லாம் கழட்டிட்டு பாத்திரம் மாதிரி பளபளன்னு காட்டும், கறை வேற, கீறல் வேறன்னு அப்போ பிரிஞ்சுடும். ஒரே மோட்ல பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, ஒரு கோடு மூணு நாலு திசை வெளிச்சத்துலயும் பள்ளமா நிக்குதான்னு பாருங்க.

கோட்டுக்குள்ள என்ன தேடணும்னா, ஈரக் களிமண்ல கீறின கோடு ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி லேசா மண்ணை தள்ளி வெச்சிருக்கும், அடி வழவழன்னு இருக்கும். காஞ்சதுக்கு அப்புறமோ சுட்டதுக்கு அப்புறமோ கீறினா வரப்பே வராது, விளிம்பு சில்லு சில்லா உடைஞ்சிருக்கும். கீழடி, கொடுமணல்னு நம்ம ஊர் பானை ஓட்டு கீறல் குறிகளை பாக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா சுடறதுக்கு முன்னாடி போட்ட குறின்னா பானை செஞ்சவர் பக்கம் கை காட்டும், சுட்டப்புறம் போட்டதுன்னா வாங்கி வெச்சிருந்தவர் பக்கம் கை காட்டும், அர்த்தமே மாறிப்போச்சு. அடுத்தது கோடுகள் வெட்டிக்கிற இடம். ஈர மண்ணுல ரெண்டாவதா போட்ட கோடு தடையில்லாம ஓடும், முதல் கோட்டோட பள்ளத்துக்குள்ள அது தள்ளின மண்ணு போய் அடைச்சிருக்கும். இது சும்மா விளையாட்டு இல்ல. 1966ல பி.பி. லால்ங்குற தொல்லியல் அறிஞர், ராஜஸ்தான்ல இருக்குற காளிபங்கன்ங்குற சிந்துவெளி ஊர்ல கிடைச்ச பானை ஓட்டுல ஒரு குறி இன்னொரு குறி மேல ஏறியிருக்குறத வெச்சுதான் சிந்துவெளி எழுத்து வலமிருந்து இடமா எழுதப்பட்டதுன்னு காட்டினாரு. ஒரு வார்த்தைகூட படிக்காம, வெறும் கோடு மேல கோடு பாத்து, எழுதின திசையை சொல்லிட்டாரு பாருங்க! என்னை கேட்டா இந்த துறையில இதைவிட கெட்டியான கண்டுபிடிப்பு கொஞ்சம்தான்.

ஈஸ்டர் தீவுல ரொங்கோரொங்கோன்னு இன்னும் படிக்க முடியாத ஒரு எழுத்து இருக்கு, அந்த மரப் பலகைகள்லயும் இதே மாதிரி ஒரு விஷயம் இருக்கு, மரத்துல முதல்ல எரிமலைக் கண்ணாடி சில்லால மெல்லிசா உருவத்தை போட்டுட்டு அப்புறம் சுறா பல்லால ஆழமா செதுக்கியிருக்காங்க, அங்கங்க அந்த மெல்லிசு கோடு மட்டும் மிஞ்சி நிக்கும். அதை எல்லாம் பழைய வரைபடத்துல தேடாதீங்க.

ஒரு கண் ஏமாத்தை சொல்லியே ஆகணும். வெளிச்சம் மேலேர்ந்து வருதுன்னுதான் நம்ம மூளை எப்பவும் நெனைக்கும், அதனால படத்துல வெளிச்சம் கீழ்ப்பக்கத்துலேர்ந்து விழுந்தா பள்ளம் மேடாவும் மேடு பள்ளமாவும் தெரியும். நான் ஒரு தடவை ஒரு குறியே புடைச்சுக்கிட்டு இருக்குன்னு குரூப்ல பெருமையா போட்டு, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். யாருக்காவது ஒரே ஒரு படமா அனுப்புறதா இருந்தா லைட்டை இடது மேல் மூலையில வெச்சு சேவ் பண்ணுங்க, எல்லாரும் பழகின திசை அதுதான். முத்திரையா இருந்தா கல் படத்தை அப்படியே ஒண்ணு, கம்ப்யூட்டர்ல இடம் வலம் திருப்பினது ஒண்ணு, ரெண்டையும் வெச்சு, திருப்பினதுல "திருப்பியது"ன்னு படத்து மேலயே எழுதிடுங்க. ஃபைல் பேர்ல மட்டும் எழுதுனா வாட்ஸ்அப் அதை மாத்திடும், அப்புறம் முதல்ல சொன்ன அந்த பிடிஎஃப் கதைதான்.

பாத்ததை வரையுங்க. வரையும்போதுதான் நாம எதை எல்லாம் பாக்காமலே பாத்தோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்னு தெரியும். இங்க்ஸ்கேப் மாதிரி வரையுற சாஃப்ட்வேர் எதுலயாவது ஆர்டிஐலேர்ந்து எடுத்த நாலஞ்சு படத்தை அடியில வெச்சு, உறுதியான கோடு ஒரு லேயர், சந்தேகமான கோடு புள்ளி புள்ளியா இன்னொரு லேயர், உடைஞ்ச இடம் மூணாவது லேயர். சந்தேக லேயர் காலியா இருந்தா நீங்க நேர்மையா வரையலன்னு அர்த்தம். முடிஞ்சா ரெண்டு பேர் தனித்தனியா வரைஞ்சு அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு பாருங்க, ரெண்டு பேரும் ஒத்துப்போகாத இடத்துக்கு மறுபடி ஆர்டிஐக்கு போங்க.

ஆர்டிஐ எல்லாத்துக்கும் மருந்து இல்ல. அது ஒரு பக்கத்தை மட்டும்தான் காட்டும், ஆழம் எத்தனை மில்லிமீட்டர்னு சொல்லாது. பலகையோட விளிம்பை சுத்தி வரி ஓடுது, உருளை முத்திரை, வளைஞ்ச பானைன்னா போட்டோகிராமெட்ரி போங்க, பொருளை சுத்தி ரெண்டு மூணு உயரத்துல, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 60லேர்ந்து 80 சதவீதம் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி நூறு படம் எடுத்து, மெஷ்ரூம்ங்குற சாஃப்ட்வேர்ல குடுத்தா முப்பரிமாண மாடல் வரும், ஆனா என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல நுணுக்கமான மாடல் வராது, சுமாரான மாடல்தான் வரும், பொறுமையும் வேணும். அந்த மாடலை மெஷ்லேப்னு இன்னொரு சாஃப்ட்வேர்ல போட்டு ரேடியன்ஸ் ஸ்கேலிங்னு ஒரு ஷேடர் இருக்கு, அதை ஆன் பண்ணா பள்ளம் எல்லாம் கருத்து தெரியும். ஜெர்மனி ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துல களிமண் பலகைக்காகவே பண்ண கிகாமெஷ்ங்குற சாஃப்ட்வேர் அதைவிட ஒரு படி மேல, வளைவை கணக்கு போட்டு எழுத்தை மட்டும் தூக்கிக் காட்டும், உருளையை விரிச்சு பாய் மாதிரி தட்டையாவும் ஆக்கிக் குடுக்கும். கீறலே இல்லாம சாயத்துல எழுதினதா இருந்தா ஆர்டிஐயால அவ்வளவா பிரயோஜனம் இல்ல, அங்க டிஸ்ட்ரெச்னு இமேஜ்ஜேங்குற பட சாஃப்ட்வேருக்குள்ள ஓடுற ஒரு ப்ளக்இன், பாறை ஓவியக்காரங்க எல்லாரும் உபயோகிக்கிறது, மங்கிப்போன காவி நிறத்தை பிரிச்சு எடுத்துடும்.

கடைசியா கொஞ்சம் கடுப்பாவே சொல்றேன். கல்வெட்டு தெரியலன்னு சாக்பீஸ் தேய்க்கிறது, மைதா மாவு தடவுறது, தண்ணி ஊத்துறது, எண்ணெய் பூசுறது, இதெல்லாம் வேண்டாம். மைப்படி (கல்வெட்டு மேல தாளை ஒட்டி மை தட்டி எடுக்குற நகல்) எடுக்குறவங்க பழகினவங்க, அனுமதியோட பண்றவங்க, அது வேற, நாம எடுக்குற ஆர்டிஐ பொருளை தொடவே தேவையில்லங்குறதுதான் இதோட பெரிய லாபமே. தொல்லியல் மேட்டுல கிடக்குற பானை ஓட்டை எடுத்துட்டு வந்து வீட்ல படம் எடுக்காதீங்க, எங்க எந்த ஆழத்துல கிடந்துச்சுங்குற தகவல் போச்சுன்னா உங்க 48 படமும் ஒரு ஓட்டோட அழகு படம், அவ்ளோதான். தொல்லியல் துறை பாதுகாக்குற இடத்துல ட்ரைபாட் வைக்கணும்னா முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும், மியூசியத்துலயும் அதேதான். ஒரு இடத்துல நான் நாலு தடவை லெட்டர் குடுத்து அஞ்சாவது தடவைதான் உள்ள விட்டாங்க, அதுவும் அரை மணி நேரம், அதனாலதான் வீட்லயே கண்ணை மூடிக்கிட்டு பண்ற அளவுக்கு பழகிக்க சொல்றேன். அனுமதி எல்லாம் கிடைக்கிற வரைக்கும் கண்ணை பழக்க நெட்ல சிடிஎல்ஐங்குற, பழைய களிமண் பலகைகளை தொகுத்து வெச்சிருக்குற தளத்துல புரோட்டோ எலாமைட் பலகைகளோட படமும் வரைபடமும் சும்மாவே பாக்கலாம், படத்தை பாத்து நீங்களா ஒண்ணு வரைஞ்சுட்டு அப்புறம் அங்க இருக்குற வரைபடத்தோட ஒப்பிட்டு பாருங்க.

அந்த பயிற்சி பலகை என்னாச்சுன்னு கேக்கலையே. அக்கா பையன் போட்டதுல கோடு வெட்டிக்கிற இடம் ஒன்பது. ஆர்டிஐயை ஒரு சாயங்காலம் முழுக்க உருட்டி, ரெண்டு இடம் சொல்ல முடியாதுன்னு விட்டுட்டு, ஏழு இடத்துக்கு எது முதல்ல, எது அப்புறம்னு எழுதிக் குடுத்தேன். ஆணி கீறல் மூணையும் சரியா புடிச்சுட்டேன், அதுல பிரச்சனையே இல்ல. பையன் பேப்பரை பிரிச்சான், ஏழுல ஆறு சரி. தப்பான அந்த ஒண்ணுல பய குச்சியை முதல்ல ஆழமா அழுத்தி ஒரு கோடு போட்டுட்டு, அதுக்கு மேல குறுக்க ரொம்ப லேசா ஒரு கோடு இழுத்திருக்கான். ரெண்டாவது கோடு ஆழமான பள்ளத்தோட அடியை தொடவே இல்ல, மேல தாண்டிப் போயிடுச்சு, மண்ணையும் உள்ள தள்ளல, அதனால முதல்ல போட்ட ஆழமான கோடுதான் தடையில்லாம ஓடுற மாதிரி தெரிஞ்சு நான் அதைத்தான் ரெண்டாவதுன்னு எழுதியிருந்தேன். இப்பல்லாம் வெட்டிக்கிற இடத்துல ரெண்டு கோடும் ஒரே ஆழமா இருந்தா மட்டும்தான் வரிசை சொல்றது, ஆழம் ரொம்ப வித்தியாசப்பட்டா சந்தேக லேயருக்கு போயிடும்.